வாங்க வந்தவள்

பேர் வைப்பதில் எனக்கு ஒரு கைராசி உண்டு, மேடம். எங்கள் தெருவில் மூன்று குழந்தைகளுக்கு நான்தான் பேர் சொன்னேன். மதகடிப்பட்டு பஸ் ஸ்டாப்பில் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே இருக்கிற பேக்கரிக்கும், அதை ஒட்டின டெய்லர் கடைக்கும் போர்டு எழுதும்போது என்னிடம்தான் கேட்டார்கள். பேக்கரிக்காரர் இன்றைக்கும் என்னிடம் பப்ஸுக்குக் காசு வாங்க மாட்டார்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். என் பேர் கிறிஸ்டினா. முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. வில்லியனூர் பக்கம் வீடு. அம்மா போன பிறகு வீட்டில் நாலு பேர். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா தாமஸ், என் தம்பி மரிய அருள், அவன் பெண்டாட்டி ஜெசிந்தா, நான். அருள் என்னைவிட ஒன்பது வயது சின்னவன். கம்ப்யூட்டரில் மவுஸ் பிடிக்க அவனுக்குக் கற்றுக் கொடுத்தது நான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மண்ணாடிப்பட்டிலிருந்து ஒரு விவசாயி மோட்டார் மானியத்துக்கு மனு போட வந்தார். "கரண்ட் எப்ப வரும்னு மணி பாத்துக்கினே குந்தினுருக்கணும்மா" என்று அலுத்துக்கொண்டார். நான் சும்மா, "உங்களுக்குன்னு நீர்மணின்னு ஒண்ணு கண்டுபுடிக்கணும்" என்றேன். பக்கத்தில் பிரிண்டரைக் குடைந்துகொண்டிருந்த அருள் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே அவன் அந்தப் பேரை இணையத்தில் பதிந்துவிட்டான். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒரு கம்பெனிக்கு வெப்சைட் வேண்டுமென்றால் அதன் பேர் காலியாக இருக்க வேண்டும். வேறு யாராவது முந்திப் பதிந்திருந்தால் அவரிடம் விலைக்குத்தான் வாங்க வேண்டும். அப்படி விற்பதற்கும் வாங்குவதற்கும் இணையத்திலேயே சந்தைகள் இருக்கின்றன. பேரைக் கடை பரப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மாதக் கணக்கில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வருகிறவர்களும் பேரம் பேசிவிட்டுக் காணாமல் போய்விடுவார்கள். அருளுக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது வருஷம், பம்ப்செட்டுக்குக் கருவி செய்கிற ஒரு பெங்களூர் கம்பெனி நீர்மணியை வாங்கியது. அந்தப் பணத்தில்தான் எங்கள் வீட்டுக்கு மாடி எழும்பியது. அருள் அதுவரை பார்த்துவந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொண்டான்.

மாடி கட்டி முடித்து, கோவில் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரித்தார். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் அருளை எழுந்து நிற்க வைத்து, இளைஞர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார். அருள் சொன்னான், "ஒருநாள் அக்கா கடையில சும்மா குந்தினு இருந்தேன். திடீர்னு தோணிச்சு." எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு டம்ளர்கூடத் தளும்பவில்லை.

அதற்குப் பிறகு அப்பா டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்செல்லாம் எம்புள்ள, எம்புள்ள என்றுதான். நான் கடையிலிருந்து வந்தால், "பாப்பா, தம்பிக்குக் காப்பி போட்டியா?" என்பார். பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வார்த்தை பொருந்துவதாகத் தெரியவில்லை. அவனுக்குக் கிடைத்தது எதையும் நான் கேட்கவில்லை. எனக்குச் சேர வேண்டிய ஒரு வாக்கியத்தைத்தான் எதிர்பார்த்தேன்.

போன வருஷம் ஆடி மாதம், என் கடையின் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் அந்தச் சந்தையில் ஒரு கணக்கு ஆரம்பித்தேன். பேர் ஹெலன். ஊர் கனடா. நான் வைத்த பேர்களில் அதுவும் ஒன்று. எங்கிருந்து எழுதுகிறேன் என்பதை மறைக்கிற செயலியைக் கல்லூரிப் பிள்ளைகள் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். அதையும் போட்டுக்கொண்டேன். அருளிடம் ஐந்தெழுத்தில் ஒரு பேர் இருந்தது. அவன் உசிராக வைத்திருந்த பேர். அதை ஹெலன் ஒரு விலைக்குக் கேட்டாள்.

அவன் பதில் எழுதினான். எவ்வளவு மரியாதையாக எழுதினான் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறீர்களே. மதிப்பிற்குரிய அம்மையீர் என்று ஆரம்பிப்பான். மழையா, வெயிலா, குளிரா என்று விசாரிப்பான். வீட்டில் என்னிடம், "இன்னாக்கா, சோறு ஆச்சா?" என்பதைத் தவிர அவனுக்குப் பேச்சே கிடையாது. கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் மாடிக்குப் போய் ஹெலனுக்கு அரைப் பக்கம் எழுதுவான். நான் மறுநாள் கடையில் அதைப் படிப்பேன்.

ஒருநாள் ஹெலன் கேட்டாள், இவ்வளவு நல்ல பேர்களைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு யார் கற்றுக் கொடுத்தது என்று. ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்றுதான் கேட்க வைத்தேன். யாருமில்லை, நானாகக் கற்றுக்கொண்டேன், எங்கள் வீட்டில் இது யாருக்கும் புரியாது என்று எழுதினான். அன்று மழை. கடையில் ஆளே இல்லை. அதை ஏழெட்டு முறை படித்துவிட்டு, விலையை ஏற்றினேன்.

இந்தத் தை மாதம் அதே பேருக்கு உண்மையிலேயே ஒரு ஆள் வந்தான். பூனாவில் ஒரு கம்பெனி. நல்ல விலை. அருள் அவர்களுக்குச் சம்மதம் சொல்ல இருந்தான். ஹெலன் அதைவிடக் கூடுதல் விலைக்குக் கேட்டாள். அருள் ஹெலனுக்கே சரி என்று அழுத்தினான். அழுத்தியதும் அந்தப் பேர் ஹெலனுக்கென்று பூட்டப்பட்டுவிடும். அவள் பணம் கட்டும்வரை, அல்லது வேண்டாம் என்று ஒதுங்கும்வரை வேறு யாருக்கும் விற்க முடியாது. கட்டுவதற்குச் சில வாரங்கள் அவகாசம் உண்டு. ஹெலனின் வங்கியில் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு சிக்கல் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் பார்த்ததில் மூன்று இடத்தில் அடைப்பு. பெரிய டாக்டர் எங்களை உட்கார வைத்து, "ஆபரேஷன பத்து நாளைக்கு மேல தள்ளாதீங்க" என்றார். தர்ம ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. தனியார் என்றால் உடனே செய்யலாம், முன்பணம் கட்ட வேண்டும். அருளின் பணமெல்லாம் மாடியாக நின்றுகொண்டிருந்தது.

ஜெசிந்தா நடைமுறை தெரிந்தவள். "அந்தக் கனடாகாரிய விட்டுத் தொலைங்க. பூனாகாரங்க இன்னும் கேட்டுக்கினுதான இருக்காங்க?" என்றாள். அருள் ஹெலனுக்கு எழுதினான். அப்பாவின் உடல்நிலையைச் சொல்லி, தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியிருந்தான். என்னைப் பற்றியும் அதில் இருந்தது. என் அக்காவிடம் பணம் இருக்கிறது, கேட்டால் உடனே கொடுத்துவிடுவார், ஆனால் அது இருபது வருஷமாக ஜெராக்ஸ் மிஷின் முன்னால் நின்று தன் கல்யாணத்துக்காக அவர் சேர்த்தது, அதில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை என்று.

பாருங்கள் மேடம். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் என் கல்யாணத்தைப் பற்றிப் பேசியிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே போஸ்ட் ஆபீஸில் போய் எடுத்திருப்பேன். கேட்கவில்லை. கேட்காதபோது நானாக எப்படிக் கொடுப்பது?

அது வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியில் அப்பாவை நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள். நானும் அருளும் வராண்டாவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவன் நகத்தைக் கடித்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் போனை எடுத்து, ஹெலனாக, திங்கட்கிழமை காலை பணம் நிச்சயம் வந்து சேரும், என்னை நம்புங்கள் என்று எழுதினேன். அன்று அவசரத்தில் மறைக்கிற செயலியைப் போட மறந்தேன். நீங்கள் என்னைக் கண்டுபிடித்தது அதனால்தான் என்று சொன்னீர்கள். அவன் போன் சிணுங்கியது. படித்துவிட்டு என்னிடம் காட்டினான்.

"பாருக்கா. திங்கக்கெழம வந்துடுமாம்."

"நல்லவங்களா தெரியுது" என்றேன்.

"ரொம்ப நல்லவங்கக்கா" என்றான். என் தோளில் ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்துக்கொண்டான். சின்ன வயசில் பஸ்ஸில் அப்படித் தூங்குவான்.

சனிக்கிழமை காலையில் அருளும் ஜெசிந்தாவும் மாடியில் இருந்தார்கள். அப்பா அடுப்படிக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை நனைந்திருந்தது.

"இன்னாப்பா?"

"மறுபடியும் வலிக்குது பாப்பா. எடது கையெல்லாம் இழுக்குது."

நான் அவரை உட்கார வைத்து விசிறினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பிகிட்ட சொல்லாத. பயந்துடுவான். திங்கக்கெழம பணம் வருதாமே, அதுவரைக்கும் தாங்கிடும்."

நான் சொல்லவில்லை. அப்பா பேச்சை நான் ஒருநாளும் மீறியதில்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். ஆட்டோ ஸ்டாண்ட் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் தூங்கின பிறகு கடைக்குப் போனேன், கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட் பைண்டிங் நிறைய இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அப்பா கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை அடக்கம் முடிந்தது. இரண்டு நாள் கழித்து அருள் ஹெலனுக்கு எழுதினான். அப்பா போய்விட்டார், நான்தான் பணத்துக்கு ஆசைப்பட்டுக் காத்திருந்து அவரைக் கொன்றுவிட்டேன், இனி எதையும் விற்கப் போவதில்லை என்று. அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதியிருந்தான். நான் முதலில் விற்ற பேர் என்னுடையது இல்லை, என் அக்கா வாயிலிருந்து வந்தது. வீடு மந்திரிப்பன்று அதைச் சொல்லத்தான் எழுந்தேன். எல்லாரும் பார்த்ததும் நாக்கு குழறிவிட்டது. அப்புறம் சொல்ல வெட்கமாகிவிட்டது. இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

உங்களிடம்தான் சொல்கிறேன். ஹெலனிடம். நான் கீழே ரூமில் இருந்தேன், அவன் மாடியில் இருந்தான். பதினாறு படி. எனக்குத் தர வேண்டியதை அவளுக்குத் தந்துவிட்டான்.

இருந்தாலும் அவன் மனசு ஆறும்படி பதில் எழுதினேன். எழுபத்தொரு வயது வரைக்கும் சைக்கிள் மிதித்த மனிதர், யாருக்கும் பாரமாக இல்லாமல் போனது அவருக்குப் பிடித்த மாதிரிதான் என்று எழுதினேன். அழுதுகொண்டே எழுதியதால் கவனிக்கவில்லை. சைக்கிளைப் பற்றி அருள் ஹெலனிடம் சொன்னதே இல்லை. அருளுக்கு அது உறைக்கவில்லை. ஜெசிந்தாவுக்கு உறைத்தது. அவனிடம் சொல்லாமல் பிரிண்ட் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறாள். என்னைவிட அவள் கெட்டிக்காரி, ஒப்புக்கொள்கிறேன்.

சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிவிட்டேன். ஹெலன் நான்தான். பணம் என்னிடம் இருந்தது. சனிக்கிழமை அப்பாவைக் காப்பாற்றியிருக்கலாம். அவர் பிழைத்திருந்தால் திங்கட்கிழமை பணம் வந்தாக வேண்டும், வராவிட்டால் ஹெலன் என்று ஒருத்தி இல்லை என்று ஆகிவிடும். அதனால் விட்டுவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அருள்தான் என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தான். கடை சம்பந்தமாக ஏதோ விசாரணை என்று நினைத்துக்கொண்டு வெளியே நிற்கிறான். இன்றைக்குக் காலையில்கூட ஹெலனுக்கு எழுதியிருக்கிறான். வியாபாரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று அவளைக் கேட்டிருக்கிறான். என் போனை நீங்கள் வாங்கி வைத்துவிட்டதால் பதில் போட முடியவில்லை. ஐந்தே நிமிஷம் அதைக் கொடுங்கள் மேடம், நீங்கள் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். அப்பாவும் இல்லை. பெண்டாட்டி அவனுக்குத் தெரியாமல் போலீஸுக்குப் போகிறாள். அந்தப் பிள்ளைக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?