மாவீரனுக்கு இன்னும் ஒரு கையெழுத்து

— இந்த நாட்டை முதன்முதலா ஆண்ட கோமான் பேரு, யிட்கா! போர்ஷிவோய்! போரிடும் வீரன்னு அர்த்தம். ஆயிரத்து நூறு வருஷத்துப் பேரு. அந்த வீரம் நம்ம பிள்ளையோட ரத்தத்துல இருக்கு.

— உன் பிள்ளை ரத்தத்துல இப்ப இருக்கிறது மஞ்சள்காமாலை, லுபோஷ். அதான் விளக்குக்கு அடியில படுக்க வச்சிருக்காங்க.

— சிரி, சிரி. எங்க வம்சத்துல யாருக்கும் சும்மா பேரு வச்சதில்ல. என் பேரையே எடுத்துக்கோ. லுபோஷ்னா அன்புக்குரியவன். எங்கப்பா நெஞ்சுல கை வச்சுத் தேர்ந்தெடுத்தது.

— எனக்கு எங்கப்பா பேரு வேணும். யோசெஃப். போன வருஷம்தான் போனாரு. காலண்டர்ல அவரு பேரு போட்டிருக்கிற நாள், அதான் அவரு பெயர்நாளுன்னா, வாழ்த்த வர்றவங்களால வீடு கொள்ளாது. அந்தச் சத்தம் மறுபடி கேக்கணும் எனக்கு. பன்னண்டு மணிக்கு நர்ஸ் பேரு பதியிற தாளை வாங்க வந்துடுவாங்க, நான் போட்டாச்சு, உன் கையெழுத்துதான் பாக்கி.

— யோசெஃபா! தெருவுல நின்னு கூப்பிட்டா நாலு பேரு திரும்புவாங்க.

— போர்ஷிவோய்னு கூப்பிட்டா ஒருத்தனும் திரும்பமாட்டான், இவன் உள்பட.

— உள்ள வரலாமா? மருமகளுக்கு மாட்டெலும்பு சூப்பு கொண்டாந்தேன்.

— வாங்க மாமா, நல்ல நேரத்துல வந்தீங்க.

— அப்பா, நீங்களே சொல்லுங்க! எழுபது வருஷமா போர்ஷிவோய்னு தலை நிமிர்ந்து நடக்குறீங்க. தாத்தா எதுக்கு அந்தப் பேரை வச்சாரு?

— என்னத்தச் சொல்ல. முதல்ல குடிம்மா, ஆறிடும்.

— மழுப்பாதீங்க மாமா.

— உங்க தாத்தா பேரு என்னடா, லுபோஷ்?

— அது... யோசெஃப்.

— ஆங். பீர் ஆலை மேஸ்திரி யோசெஃப். மார்ச் பத்தொன்பது யோசெஃப் நாளுன்னு காலண்டரைப் பாக்கவே வேணாம், நாய்க்குக் கூடத் தெரியும். ஆலையிலேர்ந்து நாப்பது பேரு, முன்னால ஒருத்தன் எக்காளம் ஊதிக்கிட்டு. பெயர்நாள்காரன்தானே எல்லாருக்கும் ஊத்தணும்? என்னத்தச் சொல்ல, மூணு நாளைக்கு எங்கம்மா எங்கப்பன்கூடப் பேசமாட்டா. நான் பிறந்ததும் மனுஷன் ஆணியிலேர்ந்து காலண்டரை இறக்கி, வாழ்த்துச் சொல்ல ஒரு ஈ காக்கா வராத தேதியாத் தேடியிருக்கான். ஜூலை முப்பது. ஊரே அறுவடையில கிடக்கும். அந்தக் கட்டத்துல போட்டிருந்த பேரு இது.

— அப்போ அந்தக் கோமான்?

— எந்தக் கோமான்?

— சூப்பு பிரமாதம், மாமா.

— சிரிக்காதே யிட்கா, தையல் பிரிஞ்சிடும். கொடு பேனாவ. இந்தா, யோசெஃப். போதுமா?

— போதும். மார்ச்சுல பக்கத்து வீட்டுல நாற்காலி கேட்டு வாங்கிக்கலாம்.

— பரவால்ல. என் பேராவது அர்த்தம் பாத்து வச்ச பேரு. இல்லப்பா?

— உனக்கு நான் பாத்தது ஜூலை பதினாறு. பள்ளிக்கூடம் லீவு.