இடது கையால் சுற்றியவர்

முதல் நாள் அவள் அந்தப் படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாளா, தைத்து மிஞ்சிய துணியில் சுற்றிக் கொண்டுவந்தாளா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இரண்டு மாதிரியும் நினைவில் இருக்கிறது. ஏதாவது ஒன்றை எழுதியாக வேண்டும் என்பதால் துணி என்று வைத்துக்கொள்கிறேன். மற்றவற்றில் குழப்பம் இல்லை. இதை எந்தச் சட்டப்பிரிவில் சேர்ப்பது என்று தெரியவில்லை, ஆனாலும் நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று ஸ்டேஷனில் நீங்கள் சொன்னீர்கள். எழுதித் தருகிறேன்.

நேரில் அவளை வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். இங்கே அவள் என்று எழுத வருகிறது. அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். வேலை இல்லாத நேரத்தில் இந்த வட்டாரத்துச் சோடா, கலர் கம்பெனிகளின் பழைய படங்களைச் சேர்த்துவந்தேன். முதலாளி நாற்காலியில், வேலையாட்கள் பின்னால், பாட்டில்கள் முன்னால் என்று ஒவ்வொரு கம்பெனியும் எப்போதாவது ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கும். பாட்டிலின் கழுத்தைப் பார்த்தே அது எந்தக் கம்பெனி, ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடுவேன். ஒரு வாரப் பத்திரிகையில் இதைப் பற்றிச் சில கட்டுரைகள் எழுதியிருந்தேன். அவற்றைப் படித்துவிட்டுத்தான் அவள் வந்தாள். பக்கத்துத் தெருவில் ஆண்களுக்குச் சட்டை தைப்பவள்.

அவள் கொண்டுவந்த படத்தில் ஒருவர் சோடா இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். கேஸ் ஏற்றும்போது பாட்டில் வெடித்தால் கண் போய்விடும் என்பதற்காகக் கம்பிவலை முகமூடி போட்டிருந்தார். முகம் தெரியவில்லை. அது அவளுடைய அப்பா. அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. வேறு படம் கிடையாது. அம்மாவும் இறந்த பிறகு அவளுக்கு யாரும் இல்லை. அவர் எங்கேயாவது உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள்.

"முகமே மறந்துபோச்சு சார். ரோட்டுல எதிர்ல வந்தாக்கூட வழி விட்டுட்டுப் போயிடுவேன்."

படத்தில் அவர் கைப்பிடியை இடது கையால் பிடித்திருந்ததைக் காட்டினேன். இயந்திரத்தை அப்படிச் சுற்றுகிறவர்கள் மிகக் குறைவு. அவள் சிரித்தாள். "அடிக்கிறதும் அந்தக் கையாலதான். அதனாலதான் எனக்கு வலது கன்னம் கொஞ்சம் உப்பலா இருக்கு."

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. பஸ் பிடித்து ஊர் ஊராகப் போய், சோடாக் கம்பெனி வைத்திருந்தவர்களின் வீடுகளில் பழைய படங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்போம். நான் பாட்டில்களைப் பார்ப்பேன், அவள் கைகளைப் பார்ப்பாள். திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வருவாள். அந்தப் பேசாமை எனக்குப் பிடித்திருந்தது. என்னோடு அதுவரை யாரும் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. இரண்டாவது வாரமே சார் போய் அண்ணா வந்துவிட்டது. அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

மறுவருடம் ஒரு கம்பெனி முதலாளி தபாலில் சில படங்கள் அனுப்பினார். சமீபத்தில் எடுத்தவை. ஒன்றில் முகமூடி இல்லாத ஒரு பெரியவர், இடது கையால் கைப்பிடியைப் பிடித்திருந்தார். உறுதியாகத் தெரியாமல் அவளுக்கு ஆசை காட்டக் கூடாது என்று நான் மட்டும் போனேன்.

கொல்லைப்புறத் தொட்டியில் அவர் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். ஊர்ப்பெயரைச் சொன்னதுமே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பாட்டில் வெடித்து முதலாளியின் மகனுக்குக் கண் போனதும், ஜெயிலுக்குப் பயந்து ஓடியதும், வருடக்கணக்கில் பதுங்கியிருந்துவிட்டுத் திரும்பியபோது வீட்டில் வேறு யாரோ குடியிருந்ததும் அவராகவே சொன்னார். பிறகு சட்டையை மாட்டத் தொடங்கினார். என்னோடு பஸ்ஸில் வந்து இன்னொரு முறை விசாரிப்பதாகச் சொன்னார்.

நான் யோசித்தேன். அவர் வந்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு எங்கேயும் போக வேண்டியிருக்காது.

"அவங்க இல்லைங்க" என்றேன். "அம்மாவும் பொண்ணும் காய்ச்சல்ல போயிட்டாங்க."

"சின்னப் பிள்ளையாவா?"

"ஆமா."

வளர்ந்த பிறகு இறந்தாள் என்றால் இத்தனை காலம் தேடாமல் விட்டோமே என்று வருந்துவார். அதனால்தான் சின்னப் பிள்ளையாக என்று சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மீதிப் பாட்டில்களையும் கழுவி முடித்தார். அதன் பிறகும் அவரை அடிக்கடி போய்ப் பார்த்தேன். தம்பி என்று கூப்பிடுவார். எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். ஒரு துக்கத்துக்கு முடிவு கிடைப்பது நல்லதுதானே. அந்த நல்லதை ஏன் மகளுக்குச் செய்யவில்லை என்று நேற்று கேட்டீர்கள். அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இடையில் அவள் களைத்துப்போனாள். "போதும்ணா. தைக்க வேண்டிய துணி மலையாக் கிடக்கு." அந்த வாரம்தான் முதல் முறையாக, என்னிடமிருந்த ஒரு பழைய கம்பெனிப் படத்தின் நெகடிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்தேன். திருப்பிப் போட்டால் எந்த ஆளும் இடது கைக்காரராகிவிடுவார். எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும் என்பதால் பாட்டில் பெட்டியிலும் சுவரிலும் எழுத்தில்லாத படங்களாகப் பார்த்து எடுத்தேன். அதைப் பார்த்தபோது அவள் முகம் எப்படி மாறியது என்று நீங்கள் பார்த்திருந்தால் மோசடி என்று எழுதத் தயங்கியிருப்பீர்கள். தேடல் மறுபடி தொடங்கியது. அது ஓயும்போதெல்லாம் இன்னொரு படம் செய்தேன். அவற்றில் ஒரு முகத்தை அவள் அப்பாவாகவே எடுத்துக்கொண்டாள். மூக்கு தன்னுடையது என்றாள். சட்டம் போட்டுத் தையல் இயந்திரத்துக்கு மேலே மாட்டினாள். அந்த ஆள் யாரென்று எனக்கும் தெரியாது. வலது கைக்காரர் என்பது மட்டும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை அந்தக் கம்பெனி முதலாளி போன் செய்தார். பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உங்களைத்தான் கேட்கிறார், வேறு யாரும் இருக்கிறார்களா என்றார். யாரும் இல்லை என்றேன். மறுநாள் ஏற்கெனவே பேசிவைத்த பயணம் இருந்தது. அவளும் நானும் பஸ் பிடித்து, அந்த ஊருக்கு எதிர்த்திசையில், அவரைத் தேடிப் போனோம். பகல் முழுவதும் நான்கு வீடுகளில் விசாரித்தோம். அவர் அன்று சாயங்காலம் இறந்துபோனார். திரும்பும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அது ஒரே ஒரு முறைதான்.

புத்தகமாகப் போடலாம் என்று அடுத்த மாதம் எல்லாப் படங்களையும் அவளுடைய வெட்டு மேசையில் பரப்பினோம். குனிந்து பார்த்துக்கொண்டே வந்தவள் சிரித்தாள்.

"என்னண்ணா இது, இடது கைக்காரங்க எல்லாரும் பொம்பளைச் சட்டை போட்டிருக்காங்க?"

ஆண்கள் சட்டையில் வலப்பக்கம் இருக்க வேண்டிய பொத்தான் வரிசை இடப்பக்கம் மாறியிருந்தது. எழுத்துகளைத்தான் கவனித்தேனே தவிர, சட்டையை நான் கவனிக்கவில்லை. அவள் சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு ஒவ்வொரு படமாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். சுவரில் இருந்த படத்தையும் இறக்கினாள். நான் உட்கார்ந்திருந்தேன். கேட்டதற்குப் பொய் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கேட்டாள். பெரியவரைப் பற்றியும் சொன்னேன்.

"என்னைப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

அதையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தரிக்கோலை எடுத்து மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, போய்விடுங்கள் என்று கையைக் காட்டினாள். அண்ணா என்று சொல்லவில்லை.

பெரியவரை அந்த ஊர்ப் பொதுமயானத்தில் கம்பெனிக்காரர்களே அடக்கம் செய்தார்கள். எந்த இடம் என்று அவர்களுக்கு இப்போது சரியாகத் தெரியவில்லை. அவள் உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்த மறுவாரம் கடையைக் காலி செய்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எங்கோ போய்விட்டாள். புத்தகம் வரவில்லை. நான் ஸ்டுடியோவை நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து, போகிற ஊரில் உள்ள தையற்கடைகளில் அவள் படத்தைக் காட்டிக் கேட்கிறேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறார்கள். என்னிடம் பொய் சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.