வெச்ச எடத்துல நிக்காத கெப்பாசிட்டர்

...இல்லண்ணே, நீங்க ரிப்பேர் பாக்குற ஏசி கூட எனக்குப் புரியுது. கேஸ் போச்சு, குளிரலை, நியாயம். இது என்ன நியாயம்? வெச்ச பொருள் வெச்ச எடத்துல இருக்க வேணாமா? நீங்க எறங்காதீங்க, ஏணியிலயே இருந்து கேளுங்க.

சர்க்யூட் போர்டு தெரியும்ல? இப்ப ஏசிக்குள்ளேருந்து கழட்டினீங்களே, பச்சைத் தகடு, அதேதான். அது தகடா ஆகுறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல வரையணும். எது எங்க ஒக்காரணும், எந்தக் கோடு எப்படி ஓடணும்... அதுதான் என் பொழப்பு. சர்க்யூட்டை யோசிக்கிறது என் சம்சாரம். அவ மூளை, நான் கை. வெளியில இதை ஒத்துக்க மாட்டேன், ஏதோ உங்ககிட்ட வாயில வந்துருச்சு.

இது நாலு மோட்டாரை ஓட்டுற போர்டு. அதனால ஒரே சர்க்யூட் நாலு தடவை வரும். ஒரே பிளான்ல நாலு வீடு கட்டின மாதிரின்னு வெச்சுக்கங்க. மொத வீட்ல ஒரு கெப்பாசிட்டர், உருண்டையா இருக்குமே, அது ஒயர் சொருகுற பிளக்கு மேல இடிக்குது. சரி, கொஞ்சம் தள்ளி வெச்சேன். நாலாவது வீட்டுக்குப் போய்ப் பாத்தா, அங்க இருக்கிற கெப்பாசிட்டர் ஸ்குரூ ஓட்டை மேல ஏறி ஒக்காந்திருக்கு! யாரு வெச்சா? நான் வெக்கலை. பேசாம அதை எறக்கி வெச்சேன். திரும்பி வந்தா மொத வீட்டுது மறுபடி பிளக்கு மேல! இங்க தள்ளினா அங்க ஏறுது, அங்க எறக்கினா இங்க ஏறுது. பைத்தியம் புடிக்காத கொறைதான்.

எனக்குப் பளிச்சுனு பொறி தட்டுச்சுண்ணே. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஃபைல்தான். பக்கத்து ரூம்ல ஒக்காந்துக்கிட்டு அவதான் நகத்துறா! முந்தாநாள் அந்தக் கெப்பாசிட்டரு எடத்துக்குத்தான் எங்களுக்குள்ள வாக்குவாதம். போய்க் கேட்டேன். "நான் தொடவே இல்லைங்க"ன்னா. நம்புவனா நானு? அவ கம்ப்யூட்டருக்குப் போற நெட் கேபிளையே புடுங்கிட்டேன். சிரிக்காதீங்க. அப்பவும் நகந்துச்சு. வைஃபைல பண்றான்னு அந்தப் பெட்டியையும் அணைச்சேன். அப்பவும் நகந்துச்சு. அப்ப முன்னாடியே ஏதோ பண்ணி வெச்சிருக்கான்னு... கத்திட்டேன். "என் வேலையைக் கெடுக்கத்தான் கூடவே இருக்கியா"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாய் இருக்கே, எனக்கு...

பெரிய கம்பெனி ஒண்ணு ரொம்ப நாளா வா வான்னு கூப்புட்டுக்கிட்டு இருக்கு. இன்னிக்குள்ள பதில் சொல்லணுமாம். "அங்கயே போறேன், உங்க போர்டை நீங்களே பாத்துக்குங்க"ன்னு கதவைச் சாத்திட்டா. டைப் அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. நம்ம கடை தரைக்குக் கீழ இருக்கு இல்லையா, ஃபோன்ல சிக்னலும் கிடையாது, ஓடிப் போய் யார்கிட்டயாவது சொல்லலாம்னா கூட மாடி ஏறணும். அவ போயிட்டா இந்தக் கடைக்கு யாரு யோசிப்பா? நானா? மோட்டார் சுத்தாது, நான்தான் சுத்துவேன்.

அது தானா நகருறதை நம்பலையா? காட்டுறேன். அங்கருந்து தெரியாதா? இருங்க, முழு போர்டையும் சின்னதாக்கிக் காட்டுறேன். நான் எப்பவும் ஸ்க்ரீன்ல மூக்கை வெச்சுக்கிட்டு ஒரு மூலையைத்தான் பாப்பேன். ம்... இப்ப பாருங்க, மொத வீட்டுக் கெப்பாசிட்டரை லேசாத் தள்ளுறேன்...

அட.

அட, நாலும் நகருதுண்ணே. மறுபடி தள்ளுறேன். நாலும்! நாலும் சேந்து... ஓரத்துல என்ன டிக்கு இது? "ஒரே மாதிரியான நாலையும் சேத்து மாத்து."

அய்யய்யோ. இது நான் போட்டதுண்ணே! ஆரம்பத்துல நானேதான் போட்டேன். "ஒரு வீட்டுக்கு வேலை பாத்தா நாலும் முடிஞ்சிடும், எப்படி என் மூளை"ன்னு அவகிட்ட மார் தட்டிக்கிட்டேன். அவ கைகூடத் தட்டினா. அதோட மறந்துட்டேன். என் கெப்பாசிட்டரை நானே தள்ளி, நானே எறக்கி, நானே திருடன், நானே போலீசு! கேபிளைப் புடுங்கின கைக்கு அந்த டிக்கை எடுக்கத் தெரியலை பாருங்க. மனுசனா நானெல்லாம்? சொல்லுங்கண்ணே.

அண்ணே?

ஏணி மட்டும் நிக்குது... ஏங்க, எங்க போயிட்...

ஐயோ, நீயா. எப்ப வந்த? அவரு... போயிட்டாரா. நீ எதுலேருந்து கேட்டுக்கிட்டு நிக்கிற? "அவ மூளை, நான் கை"யா? அப்ப முழுசும் கேட்டாச்சு.

தப்பு என்னோடதுதாம்மா. அப்படிக் கேட்டது ரொம்பத் தப்பு. உன் மூஞ்சியைப் பாக்க முடியலை... அந்தக் கம்பெனிக்குப் பதில் அனுப்பிட்டியா?

என்ன, பதில் போகலையா? நெட்டே இல்லையா? ...ஆமா. நான்தானே புடுங்கினேன். இன்னிக்கு நான் பண்ணின ஒரே உருப்படியான காரியம்!

இந்தா கேபிளு, என் பாக்கெட்லதான் இருக்கு. புடி. சொருகணும்னா சொருகிக்க, அந்த வைஃபை பெட்டியையும் போட்டுக்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போகணும்னு இருந்தா போ.

...ஏன் மேசையில வெச்சுட்ட? சொருகலையா?

என்ன, தள்ளி ஒக்காரணுமா? தோ, தள்ளிட்டேன். மவுசா? இந்தா, எடுத்துக்க. அந்த டிக்கை நீயே எடு. நான் எதையும் தொடலைம்மா, கையைக் கட்டிக்கிட்டு இருக்கேன்.