ஒரு சாண் வெள்ளைத் துணி

அப்படி இல்ல கண்ணு, கத்தியே வேணாம். கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்த பழத்துக்குக் கட்டைவிரலே போதும். இதோ பாரு, லேசா ஒரு தள்ளு. குழந்தைக்குச் சட்டையக் கழட்டுற மாதிரி தோலு வந்துடும். ம்... அவ்வளவுதான். கை சுடுதா? பச்சத்தண்ணி வாளி அந்தப் பக்கம் இருக்கு பாரு. நெப்ராஸ்காவுல உங்க அம்மா பீச் பழம் பாட்டில்ல போட மாட்டாங்களா? கடையில டின்னுதானா? புத்திசாலி.

கிண்டல் இல்லம்மா. நெசமாத்தான் சொல்றேன்.

பாப்பாவைப் பழப்பெட்டியில படுக்க வெச்சியே, அது நல்லதாப் போச்சு. ரெண்டு பக்கமும் பிடி இருக்கு, அப்படியே தூக்கிடலாம். பியூலாதானே பேரு? தூங்கட்டும், தூங்கட்டும்.

வண்டிச் சாவி எங்க வெச்சிருக்க? இல்ல, கேட்டேன். ட்ராவிஸ்கிட்ட இல்லையே? உன் பையிலயா. சரி. பையக் கழட்டி வெக்காத, தோள்லயே கிடக்கட்டும். ஏன்னு சொல்றேன், சொல்லத்தான் போறேன், நாலு பழம் உரிச்சுக்கறேன். சும்மா உக்காந்து பேச எனக்கு வராது. கை ஓடினாத்தான் வாய் ஓடும்.

அப்புறம், என்னை சகோதரி சகோதரின்னு கூப்பிடாத. வெர்டான்னே கூப்பிடு. இந்த மலையில எல்லாரும் எல்லாருக்கும் சகோதரிதான். ஆனா போன பனிக்காலத்துல ஒருத்தி காய்ச்சல்ல கிடந்தா, எட்டிப்பாக்க ஆளில்ல. ஆம்பளைங்க எல்லாம் பதுங்குகுழி வெட்டிட்டிருந்தாங்க.

மேட்டுல கேக்குதே, அது விறகு பிளக்கற சத்தமில்ல. துப்பாக்கி. உன் வீட்டுக்காரனும் அங்கதான் இருக்கான். நேத்து வந்து இறங்கினவன், இன்னிக்கு அவன் தோள்ல ஒண்ணு மாட்டிவிட்டாங்க. அவன் மூஞ்சியப் பாத்தியா? கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படிச் சிரிச்சிருக்க மாட்டான். சும்மா சொன்னேன், கோவிச்சுக்காத.

எந்த லேபிளு? ஓ, அதுவா. ஆமா, எல்லாம் என் கையெழுத்துதான். முதலாம் வருஷம், ரெண்டாம் வருஷம், அப்படியே ஏழாம் வருஷம் வரைக்கும். எப்ப போட்டதுன்னு இல்லம்மா. எப்ப திங்கணும்னு. வேதத்தோட கடைசிப் புஸ்தகத்துல சொல்லியிருக்கே, மகா உபத்திரவம், ஏழு வருஷம், அது வந்து, ஊருலகத்துக் கடையெல்லாம் அந்த மிருகத்தோட கைக்குப் போயி, அவன் முத்திரை குத்திக்காதவனுக்கு ஒரு ரொட்டிகூட விக்க மாட்டேன்னு சொல்ற காலத்துக்கு. அப்ப இந்த இடாஹோ மலையில நாங்க மட்டும் பீச் பழம் தின்னுக்கிட்டு இருப்போம். நிலவறை பூராவும் அடுக்கியிருக்கு. நாளாச்சுன்னா பழம் பழுப்பாயிடும், சாறு கலங்கிடும். அதைப் பன்னிக்குக் கொட்டிட்டு, பாட்டிலைக் கழுவி, அதே லேபிளை ஒட்டி, புதுப் பழம் போடுவேன். எங்க பன்னிங்க அந்த ஏழு வருஷத்தையும் ரெண்டு மூணு தடவ தின்னு தீர்த்தாச்சு.

சிரி, சிரி. இந்த வீட்ல யாரும் சிரிச்சு நாளாச்சு.

கொட்டைய எடுத்தப்புறம் பாட்டில்ல குழிப்பக்கம் கீழ பாக்க வெக்கணும். அப்பதான் நெறைய கொள்ளும்.

லோவெலோட கேசட்டா? ட்ராவிஸ் அதைக் கேட்டுத்தான் வந்தானா? நீயுமா? பாப்பா வயித்துல இருந்தப்பவா... அடடா. ராத்திரி தூக்கம் வராதப்ப போட்டுக் கேப்பியா. ஆமா, என் வீட்டுக்காரர் குரல் அப்படித்தான். செத்து மூணாவது பனிக்காலம் வரப்போகுது, இன்னும் ஆளுங்களக் கூட்டிட்டு வருது பாரு. நான் ஆசிரியர் காலேஜுல ரெண்டு வருஷம் கவிதை படிச்சவ, தெரியுமா? எந்த வரி எங்க மூச்சு வாங்கும்னு கேட்டாலே சொல்லிடுவேன். அந்தக் காதை வெச்சுக்கிட்டு அவர் பிரசங்கத்தக் கேட்டேன். என்ன சொல்றார்னு கேக்கல. எப்படிச் சொல்றார்னு கேட்டேன். படிச்சவளுக்கு வர்ற வியாதி அது.

அந்தப் படத்தையா? கேசட்டுல அடிக்கடி சொல்லுவாரே, அந்தப் படம்தானே? தொழுவத்துல தொங்குது, கூட்டமெல்லாம் அங்கதான் நடக்கும். வேணாம், போகாத. நான் இங்கயே சொல்றேன். அதை வரைஞ்சது நான்தான்.

கடவுளோட காலக்கணக்குன்னு பேரு அதுக்கு. துணி என்னமோ எங்க கட்டில் விரிப்பு. கான்வாஸ் வாங்க வசதியில்ல. ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம், இடமிருந்து வலமா உலகம் முடியற வரைக்கும். அவர் வேதத்தை வெச்சுக்கிட்டுச் சொல்லுவார், நான் சமையல் மேசையில விரிச்சு வரைவேன். மிருகம் வரையணும்னார். மிருகத்த நான் எங்க கண்டேன்? பக்கத்துப் பண்ணைப் பசுமாட்டப் பாத்து வரைஞ்சு, தலைய மட்டும் ஏழாக் கூட்டிக்கிட்டேன். அது பேரு பட்டர்கப். சாதுவான மாடு. பெரிய பெரிய ஆம்பளைங்க அதுக்கு முன்னாடி மண்டி போட்டு அழுதிருக்காங்க.

இப்ப சொல்றதக் கவனி. உரிக்கறத நிறுத்திட்டுக் கேளு.

அஞ்சாம் முத்திரைக்கும் ஆறாம் முத்திரைக்கும் நடுவுல ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளையா இருக்கும். ஒண்ணும் வரைஞ்சிருக்காது. ஏன் தெரியுமா? அந்த விரிப்பு அந்த இடத்துல கிழிஞ்சது. கொடியில காயப்போட்டப்ப ஒரு ஆணியில மாட்டிக்கிச்சு. நான் நூல் ஓட்டித் தெச்சு வெச்சிருந்தேன். தையல் மேல சாயம் நிக்காது, ஊறிப் பரவிடும். அதனால ஆறாம் முத்திரையத் தள்ளி வரைஞ்சேன். அவ்வளவுதான். ஒரு பொம்பளை தன் விரிப்பைத் தெச்ச இடம்.

ஒரு நாள் கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, ஐயா, அந்த இடம் ஏன் வெறுமையா இருக்குன்னு கேட்டார். லோவெல் அந்தத் துணியப் பாத்தார். அப்புறம் முன் வரிசையில இருந்த என்னைப் பாத்தார். அவருக்கு அந்த ஆணியத் தெரியும், தையலத் தெரியும். எல்லாம் தெரியும். கொஞ்ச நேரம் சும்மா நின்னார். அந்த மாதிரி நிக்கறது அவருக்கு நல்லா வரும். அப்புறம் மெதுவா, அங்க தேவன் மௌனமா இருக்கிறார்னு சொன்னார். தொழுவமே விம்மிச்சு. நானும் விம்மினேன். அந்த வரி அவ்வளவு அழகா இருந்துச்சு கண்ணு. அது பொய்யின்னு தெரிஞ்சும் எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. அதை நெனச்சா இப்பவும் என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

உலகம் முடியும்னு அவர் குறிச்ச தேதி வந்துச்சு. வெளுத்த துணி கட்டிக்கிட்டு எல்லாரும் மேட்டுல நின்னோம். ஒண்ணும் வரல. கொசு வந்துச்சு. இறங்கி வந்து ஆறிப்போன அவரைக்காயத் தின்னுட்டுப் படுத்தோம். அடுத்த தேதியும் அப்படித்தான். போக முடிஞ்சவங்க போயிட்டாங்க. வீடு வாசல வித்துட்டு வந்தவங்கதான் தங்கினாங்க. அவங்களுக்கு, நாம ஏமாந்துட்டோம்னு சொல்றதவிட உலகம் நம்மள ஏமாத்திடுச்சுன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு.

நீங்க வீட்ட வித்துட்டீங்களா? இன்னும் கையெழுத்து ஆகலையா? அப்பாடா. போடாத. பேனாவையே தொடாத.

லோவெல் ஒரு ஈயக்கூட அடிக்க மாட்டார். காத்திருங்க, காத்திருங்கன்னுதான் சொல்லுவார். அவர் போனப்புறம் என் மகன் சைலஸ் அந்த இடத்துல நின்னான். அப்பன் குரல்தான். ஆனா அந்த மௌனம் கிடையாது. அவன் அந்த வெள்ளைத் துணியத் தொட்டுச் சொன்னான், தேவன் பேசாம இருக்கறது நம்மள எதிர்பாத்துத்தான், ஆறாம் முத்திரை தானா உடையாது, நாம உடைக்கணும், இந்த ஒரு சாண் பரிசுத்தவான்களோட வாளுக்குன்னு விட்ட இடம்னு. ஆமென்னு எழுந்தாங்க. அடுத்த வாரமே சுட்டுப் பழக ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் உரமூட்டை வந்து இறங்குச்சு. ஒரு காணி வயல் இல்லாத ஆளுங்களுக்கு எதுக்கும்மா அத்தனை உரம்?

ஆமா. நீ நெனக்கிறதுதான். வெடி செய்யத்தான்.

கீழ டவுன்ல கோர்ட்டு இருக்கே, பழைய செங்கல் கட்டடம், சர்க்கார் ஆபீஸெல்லாம் அதுக்குள்ளதான். அதை மிருகத்தோட வீடுன்னு சொல்றாங்க. அங்கதான் பொறந்த பிள்ளைக்கு நம்பர் குடுக்கறாங்களாம், அந்த நம்பர்தான் முத்திரையாம். உன் பியூலாவுக்கு அந்தப் பொறப்புப் பத்திரம் இருக்கில்ல? இருக்கா? நேத்து சாப்பாட்டுல அதை சைலஸ் கேட்டானே, எரிச்சிடணும்னு, ஞாபகமிருக்கா? அந்தக் கட்டடத்துல ஜன்னலோரமா லவோன்னு ஒருத்தி உக்காந்திருப்பா. மேசையில தன் பூனை படம் வெச்சிருப்பா. வண்டி லைசென்ஸ் புதுப்பிக்கப் போனா, முட்டிவலி எப்படியிருக்கு வெர்டான்னு கேப்பா. அவங்க சொல்ற மிருகம் அவதான்.

தண்ணி கொதி அடங்குது பாரு, அந்தக் கட்டையை உள்ள தள்ளு. வெயில் வாசல்ல அந்தத் தண்ணிப் பம்பு வரைக்கும் வந்துடுச்சா? இன்னும் இல்லையா? சரி, நேரம் இருக்கு.

நான் சும்மா இருந்தேன்னு நெனக்காத. ரொம்ப நாள் சும்மாதான் இருந்தேன், அது வேற. போன வாரம் ஆம்பளைங்க வெளிய போனப்ப கத்தரிக்கோல எடுத்துக்கிட்டுத் தொழுவத்துக்குப் போனேன். ஏணியில ஏறி, அந்தத் தையலைப் பிரிச்சேன். ஒவ்வொரு நூலா. வெள்ளை இடத்துல பழைய கிழிசல் தொங்குச்சு, அது வழியா வெளிச்சம் வந்துச்சு. இனிமே பாக்கறவனுக்குப் புரியும், இது கிழிஞ்ச துணின்னு. அதுதான் என் கணக்கு.

சாயங்காலம் கூட்டத்துல சைலஸ் அதைப் பாத்தான். பாத்ததும், தேவாலயத் திரை மாதிரி கர்த்தரே இதைக் கிழிச்சிட்டார்னு கத்தினான். அத்தனை பேரும் விழுந்து அழுதாங்க. நான் எழுந்து நின்னு சொன்னேன் கண்ணு. எல்லார் முன்னாடியும் சொன்னேன். டேய், அது கர்த்தர் இல்லடா, நான்டா, என் கத்தரிக்கோல்டா, இதோ பாரு நூலுன்னு மடியில இருந்து எடுத்துக் காட்டினேன். அவன் வந்து என் கையப் பிடிச்சு முத்தம் குடுத்தான். அம்மா, அவர் உங்க கையத்தான் உபயோகிச்சிருக்கார்னான். அந்த நூலை வாங்கி ஆளுக்கு ஒரு இழை குடுத்தான், மிச்சத்தப் புதுசா வர்றவங்களுக்குன்னு வெச்சுக்கிட்டான். நேத்து உன் ட்ராவிஸ் மணிக்கட்டுல கட்டிவிட்டாங்களே, பாக்கலையா, வெள்ளையா? அதுதான் அது. அந்தக் கோர்ட்டு கட்டடத்துக்கு வர்ற ஞாயித்துக்கிழமைன்னு அன்னிக்குத்தான் நாள் குறிச்சாங்க.

நான் கண்ண மூடிக்கிட்டு ஒரு பொய்ய விட்டேன், அது வளந்துச்சு. கண்ணத் தொறந்துக்கிட்டு ஒரு உண்மையச் சொன்னேன், அதையும் அந்தப் பொய் தின்னுடுச்சு.

அழாத. பாப்பா எழுந்துடும்.

இந்தப் பழத்துக்குச் சக்கர பத்தலன்னு நேத்து காலையில டவுனுக்குப் போனேன் பாரு, நீங்க வந்தப்ப மூட்டையோட திரும்பினேனே. சக்கர வீட்லயே இருந்துச்சு. நான் போலீஸுக்கு, ஷெரீப் ஆபீஸுக்குத்தான் போனேன். உரம் எங்க இருக்கு, யார் யாரு, எந்த வழியில ஏறி வரணும், எல்லாம் சொல்லிட்டேன். இன்னிக்கு வெயில் பம்பைத் தொடற நேரத்துக்கு வர்றாங்க. அப்பதான் ஆம்பளைங்க துப்பாக்கியெல்லாம் கொட்டகையில வெச்சுட்டுச் சாப்பிட உக்காருவாங்க. நீங்க ரெண்டு பேரும் வருவீங்கன்னு அப்ப எனக்குத் தெரியாது. சாயங்காலம் கீழ் ரோட்டுல இருக்கற பெட்ரோல் பங்குக்கு மறுபடி நடந்தே போயி, அங்க இருந்து போன் போட்டுச் சொன்னேன். நெப்ராஸ்கா நம்பர் வண்டியில ஒரு பொண்ணும் பாப்பாவும் இறங்கி வருவாங்க, விட்டுடுங்கன்னு.

ட்ராவிஸா? அவனப் பத்தியும் சொன்னேன். நேத்து வந்த பையன், ஒண்ணும் தெரியாதுன்னு. இப்ப அவனக் கூப்பிட மேட்டுக்குப் போகாத, போனா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். நாளைக்கு ஷெரீப் ஆபீஸுல போயிப் பாரு, விட்டுடுவாங்க.

சைலஸ்... சைலஸைப் பத்தி அப்படிச் சொல்ல ஒண்ணும் இல்லையே கண்ணு.

எழுந்திரு. பெட்டிய ரெண்டு கையாலயும் தூக்கு. கீழ் ரோட்டுல போலீஸ்காரங்க மறிப்பாங்க, பயப்படாத, ரெண்டு கையையும் ஸ்டீயரிங் மேல வெச்சு உன் பேரச் சொல்லு. நான் வரல, அடுப்பு மேல ரெண்டு சட்டி இருக்கு. சைலஸ் சாப்பிட வருவான், நான் இல்லன்னா தேடுவான்.

இந்தா, இந்தப் பாட்டில்ல ஒண்ணு கொண்டு போ. ஏழாம் வருஷம்னு எழுதியிருக்கும், அந்த லேபிளக் கிழிச்சிடு. பத்திரப்படுத்தி வெக்காத. வீட்டுக்குப் போனதும் தொறந்து, பாப்பாவுக்கு மசிச்சுக் குடு.