பிரச்சினை எண்டால் கூப்பிடுவினம்

மறிச்சுக்கட்டிக்குப் போவதென்றால் காலை ஆறு மணிக்கே மன்னாரிலிருந்து புறப்பட்டுவிடுவேன். பிந்தினால் வெயில் ஏறி, பெட்டிக்குள் ஐஸ் உருகிவிடும். நான்கு வருடத்தில் ஒரு பரிசோதனை மாதிரிகூட என் கையில் பழுதானதில்லை. விசாரிக்க வந்திருக்கும் ஐயாமார் இதையும் குறித்துக்கொண்டால் நல்லது.

என் பெயர் சுபத்திரா, சொந்த ஊர் வெள்ளாங்குளம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் என் அம்மா கனகம்மா கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் இறந்துபோனார். அது என்ன நோய் என்றுகூட அப்போது எங்களுக்குத் தெரியாது. 2013இல் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரின் ஆய்வுக்கு இந்தப் பக்கத்தில் ஆள் தேவை என்று அறிந்து விண்ணப்பித்தேன். இன்னொரு பெண் அப்படிச் சாகக் கூடாது என்று நேர்முகத்தில் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆய்வைப் பற்றிக் கேட்டீர்கள். நம்முடைய உடற்கலங்களுக்குள் ஒருவகை நொதியம், ஆங்கிலத்தில் என்சைம், இருக்கிறது. வைரசு உள்ளே நுழைந்தால் அதன் டீ.என்.ஏ.யில் எழுத்துகளை மாற்றிவிடும். பிழை மலிந்த வைரசு பெருக முடியாமல் அழிந்துபோகும். நமக்கு அது காவல். ஆனால் சில பெண்களின் கருப்பைக் கழுத்தில் வைரசு வருடக்கணக்கில் தங்கிவிடுகிறது. அப்போது அதே நொதியம் அந்தப் பெண்ணின் சொந்த டீ.என்.ஏ.யிலும் கைவைக்கிறது. அந்தப் பிழைகள் சேர்ந்து சேர்ந்து புற்றுநோயில் முடியலாம். காவல் எந்தக் கட்டத்தில் கேடாக மாறுகிறது என்று அறிய ஒரே பெண்ணிடமிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாதிரி வேண்டும். அதைத்தான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறிச்சுக்கட்டி, போர்க்காலத்தில் விரட்டப்பட்டு, புத்தளத்தில் இருபத்திரண்டு வருடம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பிவந்த முஸ்லிம் சனத்தின் ஊர். பாதிச் சுவர், தகரக் கூரை, சுற்றிலும் வெட்டி முடியாத காடு. முதல் மாதம் ஒரு பெண்ணும் பரிசோதனைக்கு வரவில்லை. பிறகு கைருன்னிசா வந்தார். புத்தளத்திலிருந்து கொண்டுவந்த மெசினில் ஊராருக்கு உடுப்புத் தைத்துக் கொடுப்பவர். கணவர் காமில் கடலுக்குப் போகிறவர். என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார் கைருன்னிசா. "இந்த மிஸ் நம்மட புள்ள மாதிரி, வெக்கப்படாம வாங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். நாற்பது பேர் சேர்ந்தார்கள்.

முதல் முடிவுகளில் ஆறு பேருக்கு ஆபத்தான வகை வைரசும், கலங்களில் மாற்றமும் இருந்தன. அப்படியானவர்களிடம் முடிவுக் கடிதத்தைக் கொடுத்து வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. சிறிய சிகிச்சைதான், அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பலாம். ஆறு பேரில் சிலாவத்துறையிலிருந்து வந்து சேர்ந்திருந்த இருவருக்கு உடனே கொடுத்தேன். அவர்கள் போனார்கள், சுகமானார்கள், ஆய்விலிருந்தும் விலகிப்போனார்கள்.

அந்தக் கிழமை பேராசிரியர் தொலைபேசியில் பேசினார். அவர்களுக்கு அதிர்ஷ்டம், நமக்குத்தான் நட்டம் என்று சொல்லிச் சிரித்தார். நல்ல மனிதர் அவர், வேறெதையும் கேட்கவில்லை. நான்தான் யோசித்தேன்.

மற்ற நால்வரின் கடிதங்களையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். படிவத்தில் 'சிகிச்சை விரும்பவில்லை' என்று எழுதினேன். விரும்பி வைத்தியசாலைக்குப் போகிறவர் யார்? அதைப் பொய் என்று சொல்ல முடியாது. இவ்வளவு காலம் அலைந்துவிட்டு வந்து இப்போதுதான் கூரை போடுகிறவர்களைக் கலங்கடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த நால்வரில் ஒருவர் கைருன்னிசா.

ஒவ்வொரு முறையும் மாதிரி கொடுத்துவிட்டுக் கட்டிலிலிருந்து எழும்பும்போது அவர் கேட்பார்.

"ஏதும் பிரச்சினையா மிஸ்?"

"பிரச்சினை எண்டால் கூப்பிடுவினம் அக்கா."

கூப்பிட வேண்டிய ஆள் நான்தான். அதை அவர் கேட்கவில்லை.

2015 ஆவணியில் மாதவிலக்கு இல்லாத நாளிலும் இரத்தம் போகிறது என்று சொன்னார். என் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். அன்றைக்கு எடுத்த மாதிரியைப் பற்றிப் பேராசிரியர் மூன்று பக்கக் கடிதம் எழுதினார். நொதியத்தின் தடங்கள் படிப்படியாக ஏறியிருப்பது இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது என் கண் கலங்கிப்போனது. இடம்பெயர்ந்திருந்த முகாமில் எங்களைத் தலை எண்ணிப் பாண் துண்டு கொடுத்தார்கள். முதல் தடவையாக எங்கள் மண்ணிலிருந்து போன ஒன்றை உலகம் கவனித்துப் படித்தது.

மறுவருடம் காமில் கைருன்னிசாவைக் கொழும்புக்குக் கொண்டுபோனார். நோய் முற்றிவிட்டது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். திரும்பிவந்து இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். நான் பார்க்கப் போனபோது, தனக்கு முடியாத நிலையிலும், மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி கொடுங்கள் என்று மகளிடம் சொன்னார். குடித்தேன். வேண்டாமென்றால் மனம் நோவார்.

அவர் இறந்து, மையத்து அடக்கி நாற்பது நாள் கழித்து மகள் றஸ்னா என் ஆய்வுக் கந்தோருக்கு வந்தாள். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். உம்மாவின் பரிசோதனை முடிவு ஏதும் இருந்தால் தரும்படி கேட்டாள். கேட்க உரிமையுள்ளவள். அலுமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

கனநேரம் படித்தாள்.

"மிஸ், இது எப்ப வந்தது?"

"திகதி அதிலயே கிடக்குது, பிள்ளை."

அவள் அழவில்லை. கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பி, கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

ஆம், நான் தெரிந்தே செய்தேன். எவரும் சொல்லிச் செய்யவில்லை. மூன்று வருடம் தகவலை மறைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மறைத்தேன் என்ற சொல் சரியில்லை, பத்திரமாக வைத்திருந்தேன் என்று திருத்தினால் கையொப்பம் வைக்கிறேன்.

மிச்சம் மூன்று பெண்களும் யார் என்று கேட்கிறீர்கள். கடிதங்களில் எண்கள் மட்டும்தான் இருக்கின்றன. எந்த எண் எவருடையது என்பது என் கொப்பியில் இருக்கிறது. அதைத் தர நான் மறுக்கவில்லை. மூவரில் ஒருவருக்குப் போன மாதம் இரத்தம் போகத் தொடங்கியிருக்கிறது. பங்குனி பதினான்காம் திகதி அவரிடம் கடைசி மாதிரி எடுக்க வேண்டும். பதினைந்தாம் திகதி காலையில் கொப்பியை நானே கொண்டுவந்து தருவேன். அதுவரைக்கும் அந்த மூன்று பிள்ளைகளிடமும் ஒன்றும் சொல்லிப்போடாதீர்கள், பயந்துவிடுவார்கள்.