புது ராணியைப் பழக்கும் முறை

வேப்பம்பூக் காலத்துத் தேன் லேசாகக் கசக்கும். என் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்து வந்த பாட்டிலை இங்கே ஸ்டேஷனில் யாராவது நக்கிப் பார்த்துவிட்டுக் கலப்படம் என்று சொல்லியிருந்தால், அவருக்கு நாக்கு சரியில்லை. வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் எந்தக் கடையில் வேண்டுமானாலும் இந்தப் பரிபூரணத்தின் தேன் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்பது தேனைப் பற்றி இல்லை, செல்வலட்சுமியைப் பற்றி என்று எனக்குத் தெரியும், பிரிஸ்கில்லா மேடம். சொல்கிறேன். ஆனால் தேனீயில் ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும். அந்தக் கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்காமல் இருந்தால் சீக்கிரம் முடித்துவிடலாம்.

ராணி செத்துப்போன பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பக்கத்தில் போனாலே தெரியும். உள்ளே ஒரு இரைச்சல் இருக்கும். அந்தப் பெட்டிக்குப் புது ராணி வேண்டும். வேண்டும் என்பதற்காகக் கொண்டுபோய் அப்படியே விட்டுவிட முடியாது. அவள் வாசனை வேறு. வேலைக்காரத் தேனீக்கள் அவளைக் கொட்டிக்கூடக் கொல்வதில்லை. பந்து மாதிரி அவளைச் சுற்றி நெருக்கிக்கொண்டு, வெக்கையிலேயே கொன்றுவிடும். எடுத்துப் பார்த்தால் உடம்பில் ஒரு காயம் இருக்காது.

அதனால் ராணியை ஒரு சின்னக் கம்பிவலைக் கூண்டில் போட்டுப் பெட்டிக்குள் வைப்போம். கூண்டின் வாயைப் பொடித்த சீனியும் தேனும் பிசைந்த உருண்டையால் அடைத்துவிடுவோம். தேனீக்கள் வலை வழியாக அவளுக்கு இரை ஊட்டும். கொஞ்சம் கொஞ்சமாக உருண்டையைத் தின்னும். அது கரைந்து வழி திறக்கும்போது அவள் வாசனையும் பெட்டியின் வாசனையும் ஒன்றாகியிருக்கும். அடைத்து வைப்பது அவளுடைய பாதுகாப்புக்குத்தான். இதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தம்பி பால்பாண்டி ராஜபாளையத்தில் மில் லோடு ஏற்றும் லாரி ஓட்டுகிறான். போனால் வடக்கே மகாராஷ்டிரா, குஜராத் என்று வாரக்கணக்கில் வரமாட்டான். அவன் மனைவி விஜி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, மலையடித் தோப்பில் இருக்கும் எங்கள் வீட்டை நான்தான் கட்டி மேய்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி எனக்குக் குறையும் இல்லை. சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது, தேன் வியாபாரம் என் கையில் இருந்தது, தம்பி என் கையால் சாப்பிட்டுவிட்டு லாரி ஏறினான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. போன தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் சன்னதியில் வைத்துச் செல்வலட்சுமிக்குத் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். என்னிடம் முந்தின நாள்தான் சொன்னான்.

அவள் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்த்தவள். கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். வாய் ஓயாது, அவ்வளவுதான். வந்த மறுநாளே விஜி வைத்திருந்த டப்பாக்களை இடம் மாற்றி அடுக்கினாள். எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்கு அது பிடிக்கவில்லை. அவள் வைத்த குழம்பில் உப்பு கூடியது. கொடியில் போட்ட அவளுடைய கல்யாணச் சேலை கிழிந்து கிடந்தது. அவள் செல்போன் தண்ணீர்க் குடத்துக்குள் கிடந்தது. யார் செய்தது என்று கேட்டால் நான் என்ன சொல்ல? ராணி இல்லாமல் இருந்து பழகிப்போன வீடு. முறுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

அவளும் வீட்டோடு ஒட்டிக்கொள்ளத்தான் பார்த்தாள். ஒருநாள் நான் பெட்டிக்குள் ராணிக்கூண்டு வைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையில் ஒரு முழம் மல்லிகைப்பூ. பூ வாடைக்குத் தேனீ சீறும் என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாது.

"மதினி, எனக்கும் ஒரு பெட்டி குடுங்க. நானும் பழகிக்கிடுதேன்."

"மொதல்ல வீட்டுக்குப் பழகு."

"நானும் எம்புட்டோ பாக்கேன் மதினி. ஏன்னு தெரியல, ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு." கூண்டைக் குனிந்து பார்த்தாள். "இப்பிடி அடைச்சு வச்சா இது பாவம்லா?"

"அடைக்காம விட்டாத்தான் பாவம். கொன்னுபோடும்."

"பொறவு சேத்துக்கிடுமா?"

"சேத்துக்கிடும்."

அவள் அந்தக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு யோசனை வந்தது. இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று என்மேல் எனக்கே கோபம்.

ஒரு விஷயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. ரொம்ப நாள் ராணி இல்லாமல் கிடந்த பெட்டியில் சில சமயம் வேலைக்காரத் தேனீயே முட்டையிட ஆரம்பித்துவிடும். அந்த முட்டையால் குடும்பம் தழைக்காது, ஆண் ஈதான் பொரியும். ஆனால் அதற்குத் தான்தான் ராணி என்று நினைப்பு. அப்படிப்பட்ட பெட்டிக்குக் கூண்டு வைத்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்டாலும் சரி, வருகிற ராணியை உயிரோடு விடாது. இதை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

தோப்பின் கோடியில் தேன் எடுக்கும் தகர ஷெட் இருக்கிறது, நீங்கள் பார்த்தீர்கள். தேன் வாடைக்குத் தேனீ மொய்க்கும் என்பதால் ஒரு பொட்டு இடுக்கு இல்லாமல் கட்டியது. ஒரே ஒரு ஜன்னல், அதிலும் நெருக்கமான வலை. பால்பாண்டி சூரத்துக்கு லோடு ஏற்றிப் போன பிறகு, தேன் வாளி எடுக்கலாம் வா என்று அவளைக் கூப்பிட்டேன். முன்னால் போனாள். வெளியே தாழ்ப்பாளைப் போட்டேன். உள்ளே பாய், ஒரு குடம் தண்ணீர், சீனி உருண்டை எல்லாம் வைத்திருந்தேன். குறை என்று எதுவும் இல்லை.

முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு கதவைத் தட்டினாள், கத்தினாள். அது எதிர்பார்த்ததுதான். புது ராணியும் கூண்டுக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தட்டு நுழைய வழியில்லாததால் வலையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிச் சீனிப்பாகு விட்டேன். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று தம்பிக்குப் போனில் சொன்னேன். அவளுடைய அம்மாவிடம், புருஷனோடு லாரியில் போயிருக்கிறாள் என்று சொன்னேன். பொய்தான். பாதியில் வந்து கூண்டைத் திறப்பவர்களால்தான் ராணிகள் சாகின்றன.

ராணியை விடலாமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கூண்டின்மேல் உட்கார்ந்திருக்கும் தேனீக்களை விரலால் தள்ளிப் பார்ப்போம். சாதாரணமாக நகர்ந்தால் திறக்கலாம். வலையைக் கடித்துக்கொண்டு நகராமல் கிடந்தால் இன்னும் கோபம் தீரவில்லை என்று அர்த்தம். நானும் தினமும் ஜன்னலுக்குப் போனேன். அவள் வலையில் விரல்களை அழுத்திக்கொண்டு நிற்பாள். பெட்டி நெம்புகிற உளியால் என் கை அவள் விரல்களில் அடித்துவிடும். சரி, வீடு இன்னும் தயாராகவில்லை என்று திரும்பிவிடுவேன்.

அப்போது அக்கினி நட்சத்திரம். பக்கத்துத் தோப்புக் காவல்காரர் கருத்தையா ஒரு மத்தியானம் வந்து நின்றார்.

"ஏம்மா, ஒங்க தகரக் கொட்டாய்ல என்னமோ தட்டுத சத்தம் கேக்குதே?"

"மரநாய் மாட்டிக்கிடுச்சு."

"தெறந்து விடும்மா. இந்த வெயிலுக்குச் செத்துப்போகும்லா."

"பொறவு தெறக்கேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். ஊரில் அவ்வளவுதான் ஆட்களுக்கு அக்கறை.

கடைசியாக அவள் பேசியது அன்று சாயங்காலம். கத்தவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

"மதினி, மூச்சு முட்டுது. தெறந்து விடுங்க. நான் எங்கம்மை வீட்டுக்கே போயிருதேன். அவிய கேட்டா நானா போயிட்டேன்னு சொல்லுதேன். திரும்ப வரவே மாட்டேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் இவளை வீட்டில் சேர்க்கத்தானே இவ்வளவு பாடுபடுகிறேன்? ஓடிப்போகிறவளுக்குக் கூண்டு எதற்கு? குழாயைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் பெட்டிகளைப் பார்க்க வேண்டியிருந்தது, அந்தப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. சத்தம் நின்றிருந்தது, அதனால் பழகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். தாழ்ப்பாளைப் போட்டது நான். திறக்காமல் இருந்ததும் நான். இதை மறைக்கவில்லை, மறைக்கப்போவதும் இல்லை. முறையில் ஒரு தப்பு இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். சீனி அடைப்பென்றால் தன்னால் கரைந்துவிடும். இரும்புத் தாழ்ப்பாளை யாராவது திறந்தால்தான் உண்டு.

டாக்டர் என்ன சொன்னார் என்று நீங்கள் படித்துக் காட்டினீர்கள். விரல்களைத் தவிர உடம்பில் காயம் இல்லை, வெக்கையில் போன உயிர் என்று. பால்பாண்டி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. என் முகத்தில் முழிக்கமாட்டேன் என்கிறானாம். அவன் சாப்பிட்டானா என்று யாரும் கேட்டிருக்கமாட்டீர்கள்.

திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறீர்கள், மேடம். வீட்டில் யாருக்கு அவளைப் பிடிக்கவில்லை, பெயரைச் சொல் என்று. வீட்டுக்கு என்றுதான் அப்போதிருந்து சொல்கிறேன். உங்களுக்குப் பெயர்தான் வேண்டும் என்றால் நான் என்ன செய்ய? எங்கள் அப்பாவும் அம்மாவும் எப்போதோ போய்விட்டார்கள். விஜி செத்துப்போனாள். பால்பாண்டிக்குச் செல்வலட்சுமிமேல் உயிர். மற்றபடி அந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். எனக்கோ, சத்தியமாகச் சொல்கிறேன், அவள்மேல் ஒரு வருத்தமும் இருந்ததில்லை.