ரியூப் கொஞ்சம் ஆடத்தான் வேணும்

நோர்மாலாம்! கேட்டியளே தங்கச்சி, நோர்மாலாம்! துவக்குக்குள்ள ஒரு சாமான் கிலுகிலு எண்டு ஆடுது. முதலாளி, அந்த பெனுவாக் கிழவர், பைப்பை வாயில வைச்சுக்கொண்டு 'சே நோர்மால் ராஜா, சே நோர்மால்', அது அப்பிடித்தான் இருக்கும் எண்டுறார். என்ர பேர் இராஜசிங்கம். முழுக்க அவற்ர வாயுக்குள்ள வராது, அதால ராஜா. ராஜாவுக்கு உத்தியோகம் என்ன? கடை கூட்டுறது, துவக்குத் துடைக்கிறது.

இருங்கோ, இருங்கோ, பஸ்ஸில வேற சீற்றுக்குத் தள்ளிப் போகாதேங்கோ! துவக்குத் திருத்திற கடை பிள்ளை. வேட்டைக்காரர் வந்து போற கடை. நானே சிரிக்கிறனான். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து, சுன்னாகத்தில இருந்த என்ர பம்ப் திருத்திற கடையைப் பூட்டிப்போட்டு எம்பத்தினாலில ஓடி வாறன். சுவிஸில, இந்த லா ஷோ-து-ஃபோன் ஊரில பாத்த இடமெல்லாம் மணிக்கூடு செய்யிறாங்கள். எனக்கெண்டு ஆப்பிட்ட வேலை துவக்கோடை! கந்தோரில பேப்பர் நிரப்பின பொம்பிளை ரெண்டு தரம் கேட்டவ, 'எங்கை வேலை எண்டு சொன்னனீங்கள்?' எண்டு…

என்ன சொல்லவந்தனான்? ஓ… அந்த ஆடுற சாமான், ரியூப். மடாம் ஜில்பேர்த் எண்டு ஒரு மனுசி. பேக்கரிக்காரரின்ர மனுசி, அவர் செத்து எட்டு வருசம். அறுவது வயசு, என்ர தோளுக்கு வராது, ஆனா துவக்கைத் தூக்கினா… அடேயப்பா! கொலை இல்லைப் பிள்ளை, விளையாட்டு. மெசின் மண்தட்டு ரெண்டை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வானத்தில எறியும், ரெண்டையும் சுட்டு உடைக்க வேணும். பதினொரு வருசமா ரெண்டாவதாத்தான் வாறவ. எல்லா வருசமும் அவவின்ர மனுசன்ர தம்பிதான் முதல். அவர் கப்பைத் தூக்கிக்கொண்டு அவவின்ர வீட்டுக்கே கோப்பி குடிக்க வருவாராம்!

எனக்கு அவதான் பிரெஞ்சு படிப்பிச்சவ. வியாழக்கிழமை வியாழக்கிழமை. பாணும் வெட்டித் தருவா, வினைச்சொல்லும் தருவா. பாண்தான் உள்ளுக்குப் போனது.

போட்டிக்கு ஒரு கிழமை இருக்கேக்குள்ள துவக்கைத் துடைக்கக் கொண்டந்து தந்தவ. அது தானா அடுத்த தோட்டா ஏத்திற துவக்கு. எப்பிடியெண்டா, வெடிக்கேக்குள்ள வாற காஸ், குழலுக்குக் கீழ இருக்கிற ரியூப்புக்குள்ள போய் பிஸ்ரனைப் பின்னால தள்ளும். பழைய கோது வெளியில பறக்கும், புதுத் தோட்டா உள்ள ஏறும். பம்ப் மாதிரித்தான், விளங்குதே? நான் முன்பக்க மரப்பிடியைக் கழட்டிப் பாக்கிறன், அந்த ரியூப் ஆடுது! பல்லு விழப்போறமாதிரி ஆடுது! முதலாளியிட்டக் கொண்டு ஓடினன். அவர் என்ன செய்தவர்? மரப்பிடியைத் திருப்பிப் போட்டார், மூடியை இறுக்கினார், குலுக்கிக் காட்டினார், சத்தமில்லை. 'நோர்மால்.' பிறகு நெருப்புப் பெட்டியைக் காட்டி, கையை விரிச்சு ஏதோ சொன்னவர். சூடு… வீங்கும்… எண்டமாதிரி. எனக்குப் பாதி விளங்கினது. சரி, விளங்கினது எண்டே வையுங்கோவன்!

ஆனா பாருங்கோ, பதினாறு வருசம் பம்ப் பூட்டினவன் நான். என்ர கையால போன சாமான் ஒண்டும் ஆடினதில்லை. அந்த மனுசி பாண் வெட்டித் தந்தவ, நான் அவவுக்கு ஆடுற துவக்கைக் குடுத்து அனுப்புறதோ? முதலாளி சாப்பிடப் போன நேரம், மணிக்கூட்டுக்காரர் வெட்டி எறியிற பித்தளைத் தகடு இருக்கெல்லே, பேப்பர் மாதிரி, அதில ஒரு துண்டை ரியூப்பைச் சுத்திவிட்டு, மெதுவா ரெண்டு தட்டு… இறுகிட்டுது. ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. அவ்வளவு வடிவு! எனக்குப் பெருமை தாங்கேலை.

போட்டி அண்டைக்கு நானும் போனனான். முதல் நாலு சோடித் தட்டு தூள். கைதட்டு! அஞ்சாவதில துவக்கு சூடேறினது. ஒரு வெடி, ஒரு தட்டு. ரெண்டாவது தட்டு சும்மா பறந்துபோய்ப் புல்லில விழுது. தோட்டா ஏறேலை. சூட்டில ரியூப் வீங்கினது, என்ர தகடு இடம் விடேலை, பிஸ்ரன் இறுகிட்டுது. மனுசி கையால இழுத்து இழுத்துப் பாக்கிறா… ஆறாவதும் அப்பிடி, ஏழாவதும் அப்பிடி. ஆக ரெண்டு தட்டாலதான் தோத்தவ. அந்தத் தம்பிக்காரர் சிரிச்சுக்கொண்டு வந்து கை குடுக்கிறார். அவவும் குடுத்தவ. குடுத்துப்போட்டு காருக்குள்ள போய் இருந்தவ. இறங்கவேயில்லை.

அடுத்த நாள் முதலாளி துவக்கைக் கழட்டினவர். பித்தளை கீழ விழுந்தது. அவர் அதைப் பாத்தவர், என்னைப் பாத்தவர். மடாம் உள்ள வந்த உடன சொல்லுறார், 'பிழை விட்டது நான்தான், எனக்கு வயசு போட்டுது' எண்டு. நாப்பது வருசக் கடை, தங்கச்சி! அவ துவக்கைத் தூக்கிக்கொண்டு போனவ, அந்தப் பக்கம் பிறகு வரேல்லை. நான்… நான் கடையைக் கூட்டிக்கொண்டு நிண்டனான். எனக்குப் பிரெஞ்சு வராதெல்லே. அப்பிடித்தான் எனக்கே சொல்லிக்கொண்டனான்.

ஒரு சொல்லு ஏசினாலும் பறவாயில்லை. ஏசமாட்டன் எண்டுறாரே! இப்பவும் காலமை வந்தா 'போன்ஜூர் ராஜா'தான். இந்த வெள்ளைக்காரரோடை இதுதான் கரைச்சல்…

இப்ப எங்கை போறனெண்டோ? மடாமின்ர வீட்டுக்குத்தான். போன வியாழனும் வந்தனான், அதுக்கு முதல் வியாழனும். ரெண்டு தரமும் அவவின்ர வீட்டைத் தாண்டிப் போய்க் கடைசி பஸ் தரிப்பில இறங்கி, குளிருக்குள்ள திரும்பி நடந்தனான்.

நீங்கள் ஆஸ்பத்திரியில வேலை எண்டனீங்கள் என்ன? அப்ப நல்லாக் கதைப்பியள். 'என்ர பிழைதான்' எண்டு எப்பிடிச் சொல்லுறது? …சே… ட… மா… ஃபோத். இவ்வளவுதானோ? இந்தச் சின்னச் சொல்லோ! கிழவர் எனக்காக எவ்வளவு நீட்டிச் சொன்னவர்…

உந்தா தெரியுது, பச்சை யன்னல். பெல்லை அமத்துங்கோ. இல்லை, பொறுங்கோ, அடுத்த வியாழன்… ஐயோ, அமத்திப்போட்டியளே!

சரி. சே ட மா ஃபோத். சே ட மா ஃபோத்… காலைக் கொஞ்சம் மடக்குங்கோ தங்கச்சி, நான் இறங்கவேணும்.